மெயிலிங் லிஸ்ட்டா ஃபோரமா? குரூப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

போன பிள்ளையார் நோன்பு ராத்திரி, எங்க செட்டிநாட்டு வீட்டுல இழை எடுத்து முடிச்சு எல்லாரும் முற்றத்தைச் சுத்தின வளவுல உக்காந்திருந்தோம். சென்னையில இருந்து வந்தவங்க, கோயமுத்தூர்ல இருந்து வந்தவங்க, லீவுக்கு வந்த சிங்கப்பூர் அண்ணன், எல்லாரும். பேச்சு வழக்கம் போல வீட்டைப் பத்தி வந்துச்சு. ஓடு மாத்தணும், ரெண்டாங்கட்டுல சுவர் உப்புப் பூத்து உதிருது, இதே மாதிரி பழைய வீடு வெச்சிருக்கிற மத்த ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்னு யாரோ சொன்னாங்க. உடனே அண்ணன், "தம்பி, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பிச்சுரு"ன்னாரு. எந்த மாதிரி குரூப்புண்ணேன்னு கேட்டேன். "எந்த மாதிரின்னா? குரூப்புன்னா குரூப்புதான்."

அந்தப் பதில்லதான் பாதிப் பேரு தடுக்கி விழறாங்க. வாட்ஸ்அப்பும் குரூப், ஃபேஸ்புக்லயும் குரூப், கூகுள் குரூப்ஸ்னு ஒன்னு இருக்கு அதுவும் குரூப், ஆனா உள்ளுக்குள்ள இதெல்லாம் வேலை செய்யற விதம் வேற வேற, அந்த வித்தியாசம் தெரியாம ஏதோ ஒன்னை ஆரம்பிச்சுட்டு ஒரு வருஷத்துல அது காத்தாடும்போது "யாருக்கும் அக்கறையே இல்ல"ன்னு ஆளுங்க மேல பழி போடுவோம். அக்கறை இருந்துச்சு, எடுத்த கருவிதான் அந்த வேலைக்கு ஆகலை. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் உண்டு, ஏன்னா எங்க ஆளுங்க உக்காந்து எழுதினது ஒரு தடவை மொத்தமா போயிருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன்.

இங்க நான் ஒப்பிடப் போறது ரெண்டு வகை: மெயில்லயே பேசிக்கிற மெயிலிங் லிஸ்ட், ஒரு வெப்சைட்டுக்குப் போய் எழுதிப் படிக்கிற ஃபோரம். பொதுவா பேசறப்ப ரெண்டு தப்பு எண்ணம் வரும். ஒன்னு, மெயிலிங் லிஸ்ட்னா கடைக்காரங்க அனுப்பற விளம்பர மெயில்னு. இன்னொன்னு, மெயிலிங் லிஸ்ட் பழசு, ஃபோரம் அதோட புது வடிவம்னு. ரெண்டும் சரியில்ல. வயசை வெச்சு இதுல முடிவு பண்ண முடியாது, எழுத்து எங்க போகுது, யார்கிட்ட தங்குதுன்னு பார்த்துத்தான் பண்ணணும்.

ஈப்போவுல இருந்து வந்த கடுதாசி

எங்க ஐயா மலேயாவுல ஈப்போவுல ஒரு கடையில பெட்டியடியில வேலை பார்த்தவரு. அந்தக் காலத்துல முதலாளிகிட்ட இருந்து ஒரு சேதி வந்துச்சுன்னா அது பல ஊர்க் கடைகளுக்கும் போகணும். அதுக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருப்பாரு, அவருகிட்ட எல்லா விலாசமும் எழுதின நோட்டு இருக்கும், வந்த சேதியை அத்தனை பிரதி எழுதி அத்தனை கவர்ல போட்டு அத்தனை ஊருக்கும் அனுப்பிருவாரு. வாங்கற ஆளு எங்கயும் போக வேண்டாம், கடுதாசி அவன் இருக்கிற இடத்தைத் தேடி வரும்.

மெயிலிங் லிஸ்ட்டுங்கறது அந்தக் கணக்கப்பிள்ளைதான், ஆளுக்குப் பதிலா ஒரு சாஃப்ட்வேர் அந்த வேலையைப் பார்க்குது. குழுவுக்குன்னு ஒரே ஒரு மெயில் விலாசம் இருக்கும். நீங்க அந்த ஒரு விலாசத்துக்கு எழுதினா போதும், சாஃப்ட்வேர் அதை வாங்கி, எழுதினது உறுப்பினர்தானான்னு நோட்டுல பார்த்து, ஆமான்னா பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதி அனுப்பிரும். உறுப்பினர் இல்லாத ஆளு எழுதியிருந்தா நிறுத்தி வெச்சு மாடரேட்டர்கிட்ட கேக்கும். மாடரேட்டர்னா குழுவைப் பார்த்துக்கிற பொறுப்புள்ள ஆளு, எதை உள்ள விடணும் எதை விடக்கூடாதுன்னு சொல்றவரு. நம்ம நகரத்தார் வழக்கத்துல கல்யாணம் ஆன ஒரு ஜோடியை ஒரு புள்ளின்னு கணக்கு வெச்சுத்தான கோயில் வரியே வசூல் பண்றோம், அந்தப் புள்ளிக் கணக்கு நோட்டு மாதிரிதான் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அதோட உறுப்பினர் பட்டியல், அது சுத்தமா இருந்தாத்தான் மத்ததெல்லாம் ஓடும்.

யார் வேணா பேசலாம்னு விட்டா அது விவாதக் குழு. ஒருத்தர் மட்டும் அனுப்புவாரு மத்தவங்க வாங்கிக்கலாம்னா அது அறிவிப்புக் குழு. கடைக்காரங்க விளம்பர மெயில் இந்த ரெண்டாவது வகைதான், அதை வெச்சு மொத்த மெயிலிங் லிஸ்ட்டையும் எடை போடக் கூடாது.

இது எவ்வளவு பழசுன்னா, ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு @ குறி போட்டு மெயில் அனுப்பினது 1971-ல. 1975-லயே, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல மெயிலைப் பத்தியே பேசறதுக்கு ஒரு மெயில் குழு வந்துருச்சு. ஆனா ரொம்ப நாளைக்கு பேரைச் சேர்க்கிறது, எடுக்கிறது எல்லாம் ஆள் உக்காந்து கையால பண்ற வேலையா இருந்துச்சு. 1986-ல எரிக் தாமஸ் எழுதின லிஸ்ட்சர்வ்ங்கற சாஃப்ட்வேர்தான் அதைத் தானா நடக்கிற மாதிரி ஆக்குனுச்சு, உறுப்பினரே ஒரு மெயில் போட்டு சேர்ந்துக்கலாம், இன்னொரு மெயில் போட்டு விலகிக்கலாம். இப்ப நிறைய இடத்துல மெயில்மேன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஓடுது.

இழைன்னா என்ன

ஒரே நாள்ல 15 மெயில் வருது, இதுல எது எதுக்குப் பதில்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பொருள்ல (சப்ஜெக்ட்ல) இருக்கிற வார்த்தையை மட்டும் பார்த்துன்னு நிறையப் பேரு நினைக்கிறாங்க. அது இல்ல. ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு தனி எண் ஒட்டியிருக்கும், உலகத்துல இன்னொரு மெயிலுக்கு அதே எண் வராத மாதிரி. நீங்க பதில் பட்டனை அமுக்குனா உங்க மெயில்ல "நான் இன்ன எண் மெயிலுக்குப் பதில்"னு ஒரு வரி தானா ஏறிக்கும். அந்த எண்களைப் பிடிச்சுக்கிட்டே போனா கேள்வியும் பதில்களும் ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு நிக்கும், அதைத்தான் திரட், தமிழ்ல இழைன்னு சொல்றாங்க.

நோன்புக்கு திருக்கார்த்திகையில இருந்து நாளைக்கு ஒன்னா 21 நாளைக்கு 21 நூல் எடுத்து வெச்சு, கடைசி நாள் எல்லாத்தையும் சேர்த்து ஒரே திரியாத் திரிக்கிறோம்ல, அந்த 21-ல ஒவ்வொன்னும் ஒரு மெயில்னு வெச்சுக்கோங்க, திரிச்ச திரிதான் ஒரு விவாதம். ஒரு நூலை எடுத்து வேற திரியில சொருகுனா ரெண்டும் கெட்டுரும்.

அது நடக்கிறது எப்பன்னா, புதுசா ஒன்னு கேக்கணும்னு நினைக்கிறவரு விலாசம் தேட சோம்பப்பட்டு ஏதோ ஒரு பழைய மெயிலைத் திறந்து, பதில் அமுக்கி, பொருளை மட்டும் அழிச்சுட்டு புதுசா எழுதுவாரு. அவரு பார்வையில அது புது விஷயம். ஆனா அந்த எண் உள்ள அப்படியே இருக்கு. அதனால நிறைய இடத்துல அந்த ஓடு விலைக் கேள்வி, போன மாசத்து படைப்புச் (முன்னோருக்குப் படைக்கிற நாள்) சாப்பாட்டுக் கணக்கு இழைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க, அவருக்கு பதிலே வரலைன்னு கோவம் வரும். புதுசா கேக்கறதுன்னா புது மெயில் திறங்க. மெயில் குழு வைக்கிறவங்க உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய முதல் பழக்கம் இதுதான்.

சிட்டையும் பேரேடும்

இப்ப ஃபோரத்துக்கு வருவோம். கடையில ரெண்டு விதமான கணக்கு இருக்கும். சிட்டைங்கறது நடந்தது நடந்த வரிசையில எழுதறது, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எது முன்னாடி நடந்துச்சோ அது முன்னாடி. பேரேடுங்கறது அதையே பேர்வாரியா, தலைப்புவாரியாப் பிரிச்சு எழுதறது. ஒருத்தர் வரவு செலவு முழுக்க பார்க்கணும்னா சிட்டையைப் புரட்டிக்கிட்டு இருக்க மாட்டாங்க, பேரேட்டுல அவரு பக்கத்தைத் திருப்புவாங்க.

வாட்ஸ்அப் குரூப் முழுக்க முழுக்க சிட்டை. காலை வணக்கப் படமும், இரங்கல் சேதியும், ஓடு விலையும், யாரோ அனுப்பின நல்ல பதிலும் ஒன்னு மேல ஒன்னு விழுந்துக்கிட்டே போகும். ஃபோரம் பேரேடு. சுவர், ஓடு, தேக்குக் கதவு, தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு, பங்காளிக் கணக்குன்னு தலைப்பு பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு தலைப்புக்குள்ளயும் இழைகள், மூணு வருஷம் கழிச்சு வர்ற ஆளும் நேரா சுவர் பக்கத்தைத் திருப்பலாம்.

ஃபோரம் வேலை செய்யற விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எங்கயோ ஒரு சர்வர் இருக்கு, அதாவது ராப்பகலா ஓடிக்கிட்டு கேக்கறவங்களுக்கு எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர். அதுக்குள்ள ஒரு டேட்டாபேஸ், கட்டம் போட்ட பெரிய நோட்டுன்னு நினைச்சுக்கோங்க. நீங்க ஒரு பதில் எழுதுனா அந்த நோட்டுல ஒரு வரி ஏறும்: யார் எழுதினது, எப்ப, எந்த இழையில, என்ன எழுதினாரு. அவ்வளவுதான். நீங்க பார்க்கிற பக்கம்னு ஒன்னு முன்கூட்டியே எழுதி வெச்சு இருக்காது, நீங்க அந்த இழையைத் திறக்கும்போது சாஃப்ட்வேர் நோட்டுல இருந்து அந்த வரிகளை எடுத்து அடுக்கி உங்களுக்குப் பக்கமாக் காட்டும். அதனாலதான் எழுதினதைத் திருத்துனா அடுத்த நொடியில எல்லாருக்கும் திருத்தினதே தெரியுது, ஏன்னா இருக்கிறதே ஒரே நோட்டுதான். மெயில்ல இது முடியாது, தபால் பெட்டியில போட்ட கடுதாசி போட்டதுதான், 200 பேரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துருச்சு.

இந்த வகைக்கு 2000-ல வந்த பிஎச்பிபிபி ரொம்ப நாளைக்கு ஊரெல்லாம் ஓடுன சாஃப்ட்வேர், 2013-ல வெளிய வந்த டிஸ்கோர்ஸ் இப்ப நிறையப் பேரு எடுக்கிறது.

ஆனா பேரேட்டுக்கு ஒரு குணம் உண்டு, அது கடையிலதான் இருக்கும், பார்க்கணும்னா நீங்க கடைக்குப் போகணும். ஃபோரமும் அப்படித்தான். போகிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு அது சொர்க்கம், பழக்கம் இல்லாதவங்களுக்கு அது இருக்கிறதே மறந்துரும்.

இதுவரைக்கும் பார்த்ததைச் சுருக்கமா சொன்னா: மெயிலிங் லிஸ்ட்ல எழுத்து ஆளைத் தேடி வருது, ஆளுக்கொரு பிரதி. ஃபோரத்துல ஆளு எழுத்தைத் தேடிப் போகணும், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிரதி. மத்த நல்லது கெட்டது எல்லாம் இந்த ரெண்டுல இருந்துதான் கிளம்புது.

ஒரு ஃபோட்டோ 1500 எம்பி ஆன கதை

பிரதிக் கணக்கு எப்படி உதைக்கும்னு ஒரு சின்னக் கணக்குல பாருங்க. நான் ஏற்கனவே இருக்கிற ஒரு மெயில் குழுவுல ஒருத்தர் முகப்பு மரவேலையை 5 எம்பி படமா எடுத்து மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பினாரு. 300 பேரு இருந்தோம். 300 பேரு பெட்டியிலயும் போய் உக்கார்ந்தா மொத்தம் 1500 எம்பி, ஒரே படத்துக்கு. ஜிமெயில் இலவசக் கணக்குல மெயில், டிரைவ், ஃபோட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான், ஏற்கனவே பேரன் பேத்தி வீடியோவுல நிரம்பி வழியற பெட்டிக்கு இது ஒரு பாரம். அதே படத்தை ஃபோரத்துல போட்டிருந்தா 5 எம்பி ஒரு இடத்துல இருக்கும், பார்க்கணும்னு நினைக்கிறவங்க மட்டும் திறப்பாங்க. படம் நிறையப் பரிமாறுற குழுன்னா ஃபோரம் பக்கம் சாயுங்க, இல்லன்னா படத்தை வேற எங்கயாவது ஏத்திட்டு மெயில்ல லிங்க் மட்டும் கொடுங்க.

மெயில் ரொம்ப வருதுன்னு சலிச்சுக்கிறவங்களுக்கு டைஜஸ்ட்னு ஒரு வசதி உண்டு, நாள் முழுக்க வந்ததைக் கட்டா கட்டி ஒரே மெயிலா ராத்திரி அனுப்பிரும். பாதிப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாம விலகிப் போயிடறாங்க, சேர்க்கும்போதே சொல்லிருங்க.

நகல் யார்கிட்ட இருக்கு

எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப முக்கியமாப் படறது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

பல வருஷத்துக்கு முன்னாடி பழைய வீடுகளைப் பத்திப் பேச நாங்க ஒரு ஃபோரம் வெச்சிருந்தோம். நல்லா ஓடுச்சு. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம்னு பல ஊர்க்காரங்க எழுதினாங்க, பாதிப் பேரு வெளிநாட்டுல இருந்து. சுண்ணாம்புப் பூச்சு எப்படி அரைக்கிறது, முட்டை வெள்ளைக்கரு எவ்வளவு, கடுக்காய்த் தண்ணி எத்தனை நாள் ஊறணும்னு பழைய கொத்தனார்கள்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதினது. சர்வர் வாடகையும் பேரைப் பதிவு பண்ணதும் ஒரே ஒரு தம்பி பேர்ல இருந்துச்சு, அவரு கொடுத்திருந்தது ஆபீஸ் மெயில் விலாசம், அவரு வேலை மாறிட்டாரு. வாடகை முடியுதுன்னு வந்த மெயில் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போச்சு. நாங்க கவனிச்சப்ப இடம் கொடுத்த கம்பெனி எல்லாத்தையும் அழிச்சு முடிச்சிருந்துச்சு. பேக்கப் இல்ல. அதுல எழுதின கொத்தனார்கள்ல ரெண்டு பேரு அதுக்குள்ள இறந்துட்டாங்க.

அப்புறம் கொஞ்சம் மீண்டுச்சு, அது எப்படின்னு கேளுங்க. அந்த ஃபோரத்துல யாராவது எழுதினா மெயில்ல தெரிவின்னு ஒரு வசதி இருந்துச்சு, நாலு பேரு அதைப் போட்டு வெச்சிருந்தாங்க, அந்த அறிவிப்பு மெயில்ல முழு எழுத்தும் வந்திருக்கு. நாலு பேரு பெட்டியைத் துழாவி எடுத்ததுலதான் சுவர்ப் பூச்சு இழை முழுக்கக் கிடைச்சுது. ஒரே நோட்டு எரிஞ்சு போச்சு, ஆளுக்கொரு பிரதியா போன கடுதாசி பொழைச்சுது. அன்னைக்குத்தான் எனக்கு ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி இறங்குச்சு.

பெரிய கம்பெனி இடத்துல வெச்சா பயமில்லன்னும் சொல்ல முடியாது. யாஹூ குரூப்ஸ்ல தமிழ்க் குழுக்கள் எத்தனை இருந்துச்சு, மரத்தடி, ராயர் காப்பி கிளப்புன்னு இணையத்துல தமிழ் எழுதிப் பழகினவங்க நிறையப் பேரு அங்க இருந்துதான் வந்தாங்க. 2019 கடைசியில பழைய பதிவுகளை அழிக்கப் போறோம்னு யாஹூ அறிவிச்சு, 2020 டிசம்பர் 15-ல மொத்தமா மூடிட்டாங்க. மெயிலா வாங்கிச் சேர்த்து வெச்சிருந்தவங்ககிட்ட பிரதி தங்குச்சு, வெப்ல மட்டும் படிச்சவங்க நிறையப் பேருகிட்ட ஒன்னும் இல்ல.

சேர்த்து வைக்கிறதுங்கறது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்ல. கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனி ஒரு ஆளா வாழ்நாள் முழுக்க புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ்னு சேர்த்தாரு, அவரு 1992-ல இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல சென்னையில அது ஆராய்ச்சி நூலகமாச்சு. ஆர்க்கைவ்னு சொல்றது இதைத்தான், வந்ததை ஒழுங்கு பண்ணித் தேடி எடுக்கிற மாதிரி காப்பாத்தி வைக்கிறது. மெயிலிங் லிஸ்ட்டுக்கும் ஆர்க்கைவ் உண்டு, சாஃப்ட்வேரே ஒவ்வொரு மெயிலையும் ஒரு பிரதி எடுத்து மாசவாரியா வெச்சுக்கும். ஆனா அதுல தேடறது ஃபோரத்துல தேடற அளவுக்குச் சுலபமா இருக்காது, அதை ஒத்துக்கணும்.

பதில் யாருக்குப் போகுது

மெயிலிங் லிஸ்ட்ல மனஸ்தாபம் வர்ற இடம் ஒன்னு உண்டு. பதில் பட்டனை அமுக்குனா அது எழுதினவருக்கு மட்டும் போகணுமா, மொத்தக் குழுவுக்கும் போகணுமாங்கறது செட்டிங்ல மாடரேட்டர் முடிவு பண்றது. குழுவுக்குன்னு வெச்சா விவாதம் நல்லா நடக்கும், ஆனா ஒருத்தருக்கு மட்டும்னு நினைச்சு எழுதினது ஊருக்கே போயிரும். அந்த 300 பேர் குழுவுல ஒரு பொண்ணு பார்க்கிற விஷயம், ரெண்டு குடும்பத்துக்குள்ள இருக்க வேண்டியது, அப்படித்தான் எல்லாரு பெட்டிக்கும் போச்சு. அந்தக் குடும்பம் பட்ட சங்கடத்தை நான் கண்ணால பார்த்தேன். அதுல இருந்து அந்தக் குழுவுல பதில் எழுதினவருக்கு மட்டும்தான் போகும், குழுவுக்குன்னா வேணும்னே "எல்லாருக்கும்" அமுக்கணும். விவாதம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல.

மெயில் ஸ்பேம் பெட்டிக்குப் போறதும் ஒரு தலைவலி. ஸ்பேம்னா கேக்காம வர்ற குப்பை மெயில். கணக்கப்பிள்ளை உங்க பேரைப் போட்டுத் தன் ஊர்ல இருந்து கவர் அனுப்பினா, வாங்கற இடத்துல "அனுப்பினது தேவகோட்டை ஆளுன்னு எழுதியிருக்கு, முத்திரை ஈப்போன்னு இருக்கே"ன்னு சந்தேகப்படுவாங்க இல்லையா, மெயில் சர்வரும் அதே சந்தேகம்தான் படுது. 2014 ஏப்ரல்ல யாஹூ இந்தச் சோதனையை ரொம்ப இறுக்குனப்ப உலகம் முழுக்க மெயிலிங் லிஸ்ட்டுகள் திணறிப் போச்சு. அதுக்கப்புறம் நிறைய லிஸ்ட்டுகள் அனுப்புனர் இடத்துல "இன்னார், குழு வழியாக"ன்னு தன் விலாசத்தையே போட ஆரம்பிச்சுது. உங்க குழுவுல அப்படித் தெரிஞ்சா யாரோ ஏமாத்தறாங்கன்னு பயப்பட வேண்டாம். புது உறுப்பினரை மட்டும் முதல் மெயில் ஸ்பேம்ல விழுந்திருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, விலாசத்தை ஃபோன்ல சேமிச்சு வெச்சுக்கச் சொல்லுங்க.

ஃபோரத்துக்கு அதோட பங்கு தொல்லை உண்டு. சாஃப்ட்வேரை அப்பப்ப புதுப்பிக்கணும், இல்லன்னா திருட்டுத்தனமா உள்ள புகுந்துருவாங்க, போலி ஆளுங்க கணக்குத் திறந்து விளம்பரம் ஒட்டுவாங்க, வாடகை கட்டணும். இதைப் பார்த்துக்க மாசத்துல சில மணி நேரம் ஒதுக்கற ஆளு ரெண்டு பேராவது இல்லன்னா ஃபோரம் பக்கமே போகாதீங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

சரி, எதை எடுக்கிறது

நான் கேக்கற முதல் கேள்வி, உங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா? எங்க பங்காளிகள் 41 புள்ளி, ஒரே வீட்டுக்குப் பாத்தியப்பட்டவங்க, எல்லாரும் எல்லாரையும் தெரியும். ஓடு மாத்தற செலவுல பங்குக்கு எவ்வளவு, படைப்பு எந்தத் தேதி, சாவி யார்கிட்டன்னு வர்ற சேதி 41 வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தே ஆகணும், "நான் பார்க்கலையே"ன்னு ஒருத்தர் சொல்லக் கூடாது, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா எழுத்துல எடுத்துக் காட்டவும் வேணும். இதுக்கு மெயிலிங் லிஸ்ட்தான், யோசிக்கவே வேண்டாம். இதுக்குப் போய் ஃபோரம் வெச்சா பத்து பேரு வருவாங்க, மீதி 31 பேரு வளவுல நின்னு சண்டை போடுவாங்க.

ரெண்டாவது கேள்வி, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருதா? சுவர் உப்புப் பூக்குதுங்கறது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுசா ஒருத்தர் கேக்கறது. பதில் மாறப் போறதில்ல, சுண்ணாம்புச் சுவர் மேல சிமென்ட் பூசுனா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழி இல்லாம உப்பைத் தள்ளிக்கிட்டு வருது, சிமென்ட்டைக் கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்புலயே பூசணும். முன்ன பின்ன தெரியாதவங்க தேடி வந்து படிச்சுட்டுப் போற விஷயம் இது, ஒரு தடவை நல்லா எழுதி வெச்சா கூகுள்ல தேடறவங்களுக்கும் கிடைக்கும். இதுக்கு ஃபோரம்.

பெரிய ஆளுங்களும் இப்படித்தான் வேலையைப் பார்த்துப் பிரிஞ்சாங்க. லினக்ஸ்ங்கற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியான கெர்னலை எழுதறவங்க இன்னைக்கும் மெயிலிங் லிஸ்ட்லதான் ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் திருத்திக்கிறாங்க, ஏன்னா அங்க இருக்கிறவங்களுக்கு மெயில்தான் பட்டறை. பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழிக்காரங்க 2022-ல தங்களோட முக்கியமான மெயில் குழுவுல நடந்த பேச்சை டிஸ்கோர்ஸ் ஃபோரத்துக்கு மாத்திக்கிட்டாங்க. யாரும் முன்னேறிட்டாங்க, யாரும் பின்தங்கிட்டாங்கன்னு இதுல இல்ல. நம்ம தமிழையே எடுத்துக்கோங்க, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறை பரவறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு எழுத்துரு வெச்சிருந்த காலத்துல, டிஸ்கிங்கற பொதுக் குறிமுறையை வெவ்வேற நாட்டுல இருந்த தமிழங்க தமிழ்.நெட்டோட மெயில் குழுவுலதான் மாசக்கணக்கா பேசி முடிவு பண்ணாங்க. தெரிஞ்ச ஆளுங்க, ஒரு முடிவு எடுக்கணும், எழுத்துல இருக்கணும், அதுக்கு மெயில் பொருந்துச்சு.

இது ரெண்டும் வேணும்னா கலந்ததும் உண்டு. டிஸ்கோர்ஸ்ல ஒவ்வொரு பதிவும் மெயிலா வர்ற மாதிரி வெச்சு, மெயில்லயே பதிலும் போடலாம். மெயில்மேனோட மூணாவது பதிப்புல பழைய மெயில்களை ஃபோரம் மாதிரி வெப்ல படிக்கலாம். கூகுள் குரூப்ஸ்லயும் ரெண்டு வழியும் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், மெயில்ல பதில் போடறவங்க கீழ பழைய மெயில் முழுக்கத் தொங்க விட்டுருவாங்க, அது ஃபோரத்துல அசிங்கமா நீளும். எதை எடுத்தாலும் ஒன்னு மட்டும் விடாதீங்க, நிர்வாகச் சாவி ரெண்டு பேருகிட்டயாவது இருக்கணும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா மொத்தத்தையும் ஒரு பிரதி எடுத்து வேற இடத்துல வெக்கணும்.

இப்ப எங்க வீட்டுல

நோன்புக்குப் பிறகு நான் ஆரம்பிச்சது 41 புள்ளிக்கும் ஒரு மெயிலிங் லிஸ்ட். ஃபோரம் தனியா, அதுக்குத் தேவகோட்டையில ஒரு தம்பியும் நானும் பொறுப்பு, வாடகை பொதுப் பணத்துல இருந்து, பதிவு பண்ணின விலாசம் ரெண்டு பேருக்கும் வர்ற பொது மெயில்.

எங்க பெரிய ஆச்சிக்கு 80 ஆகப் போகுது, ஃபோரம்லாம் திறக்க மாட்டாங்க. பேரன் மெயிலை பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறான். ஐயா காலத்துக் கடுதாசி எல்லாம் குத்தி வெச்ச கம்பி ஒன்னு பட்டாலைச் சுவர்ல தொங்குது, மேல கொக்கி, கீழ வட்டமா ஒரு மரக்கட்டை, கட்டைப் பக்கம் இருக்கிற கடுதாசி பழுப்பேறிப் பொடியுது. ஆச்சி பிரின்ட்டைப் படிச்சுட்டு நடுவுல ஒரு ஓட்டை போட்டு அதே கம்பியில மேல குத்தி வைக்கிறாங்க. போன மாசம் சுவர் பத்தி வந்த மெயிலுக்கு ஆச்சி பேரன்கிட்ட சொல்லி ஒரு பதில் எழுத வெச்சாங்க: "ரெண்டாங்கட்டுச் சுவத்துக்கு சிமென்ட் வேண்டாம். நான் வாக்கப்பட்டு வந்த வருசம் உங்க ஐயா அதைச் சுண்ணாம்புல பூசினாக, கடுக்காத் தண்ணி நான்தான் வடிச்சுக் கொடுத்தேன்." அதை அப்படியே எடுத்து ஃபோரத்துல சுவர்ங்கற தலைப்புல, பழசுல இருந்து மீண்டு வந்த அந்த இழைக்குக் கீழ போட்டிருக்கேன்.